இடது ஓரம் யார் பொறுப்பு?

இருங்காட்டுக்கோட்டை
28 ஏப்ரல் 2013

சக்திகுமாருக்கு விமல்ராஜ் எழுதுவது.

ஆஸ்பத்திரியிலிருந்து நீ ஊருக்குப் போன நாள் முதல் போன் அடித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் மணி போனது, நீ எடுக்கவில்லை. இப்போது மணியே போவதில்லை. அதனால்தான் கடிதம். பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உறைக்குள் ஒரு பென்டிரைவ் இருக்கும். நாம் ஆடும் கம்ப்யூட்டர் கால்பந்து கேமும் நம் அணியும் அதில் இருக்கின்றன. உன் தங்கைக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் போட்டால் மெதுவாகவாவது ஓடும்.

அணியின் நிலைமை மோசம். நீ இருந்தபோது எட்டாம் இடம். இப்போது கீழேயிருந்து மூன்றாவது. இன்னும் பன்னிரண்டு ஆட்டங்கள்தான் மிச்சம். இப்படியே போனால் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிடுவோம். பதினோரு சீசன் பாடுபட்டு ஏற்றிய அணி. கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி. வாங்கிய கோலில் பாதிக்கு மேல் இடது ஓரம் வழியாகத்தான் வந்தது. அந்த ஓரத்துப் பிரெண்டனை மாற்றிப் பார்த்தேன், அவனுக்குப் பதில் வேறு ஆளைப் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் சரிப்படவில்லை. டிஃபன்ஸ் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும். யார் யாருக்கு என்ன வேலை கொடுக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பினால் போதும்.

ரூமில் உன் படுக்கையை யாருக்கும் கொடுக்கவில்லை. வீட்டுக்கார நடேசன் அண்ணன் இரண்டு தடவை கேட்டார். "ஆளு வருவானா மாட்டானா, இன்னாப்பா சொல்ற?" என்றார். வருவான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

கை எப்படி இருக்கிறது? தையல் பிரித்துவிட்டார்களா?

விமல்

*

கரிவலம்வந்தநல்லூர்
6 மே 2013

விமல்ராஜுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவது என் தங்கை செல்வலட்சுமி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நான் சொன்ன முதல் நான்கு வார்த்தைகளை எழுத மாட்டேன் என்கிறாள். அந்த இடத்தை நீயே நிரப்பிக்கொள். உனக்குத் தெரியாத வார்த்தைகள் இல்லை.

கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். அதுவும் கடைசி வரியில். ஒன்பது ஆட்டத்தின் கதையையும் எழுதி முடித்த பிறகு. சொல்கிறேன், கேட்டுக்கொள். வலது கையில் ஆள்காட்டி விரல் இல்லை. நடு விரல் இல்லை. மோதிர விரலில் பாதி இருக்கிறது. தையல் பிரித்தாகிவிட்டது. சோற்றைப் பிசைய முடியவில்லை. போதுமா?

இனி உன் பிரெண்டன். "அவன் யாருண்ணே?" என்று செல்வலட்சுமி கேட்கிறாள். அவளுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். உனக்கு அவளைவிட அதிகம் தெரியாது. இது கம்ப்யூட்டரில் ஆடும் கால்பந்து. பந்தை நாம் உதைப்பது கிடையாது. நாம் மேனேஜர். யார் எங்கே நிற்பது, என்ன வேலை செய்வது என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். நம் அணி ஒடுங்கின அணி. நடுவில் நான்கு பேர் சீட்டுக்கட்டு டைமண்ட் மாதிரி நிற்பார்கள், அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர். ஓரத்தில் ஓட ஆளே கிடையாது. அதனால் பின்னால் நிற்கும் நான்கு பேரில் வலது ஓரத்தானும் இடது ஓரத்தானும்தான் அத்தனை நீளத்துக்கும் பொறுப்பு. இரண்டு பேரையும் முன்னால் ஏற விட்டால் பின்பக்கம் திறந்த வீடு. இரண்டு பேரையும் நிற்க வைத்தால் முன்னால் போக வழி இல்லை. ஒருவன் ஏறினால் ஒருவன் நிற்க வேண்டும். வலது ஓரத்தான் ஏறுவான், இடது ஓரத்தில் பிரெண்டன் நிற்பான். அதை நான் செய்து வைத்திருந்தேன். டிஃபன்ஸ் என்னுடையது, அட்டாக் உன்னுடையது என்று முதல் சீசனிலேயே பேசியிருந்தோம்.

நீ என்னைக் கேட்காமல் பிரெண்டனை ஏறச் சொல்லி மாற்றினாய். மார்ச் பதினாலாம் தேதி, வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால். டீ டைமில் நான் கேட்டேன். எல்லாருக்கும் முன்னால் சண்டை போட்டோம். அரை மணி நேரம் கழித்து என் விரல்கள் தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்குள் போயின. அன்று மாற்றியதை நீ இன்னும் சரி செய்யவில்லை. அப்புறம் எப்படி இடது ஓரம் தாங்கும்?

இப்போது முக்கியமான விஷயம். கம்பெனியிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு காகிதம் வந்தது. எல்லாம் இங்கிலீஷ். செல்வலட்சுமி அகராதியை வைத்துக்கொண்டு படித்துச் சொன்னாள். பிரஸ்ஸின் பின்பக்கத்து சென்சாரை நானே வேலை செய்யாமல் ஆக்கிவிட்டேனாம். என் கவனக்குறைவால்தான் விபத்தாம். கீழே சாட்சிக் கையெழுத்து. வி. விமல்ராஜ்.

அது உன் கையெழுத்துதானா? ஆமா, இல்லை என்று மட்டும் எழுது. பிரெண்டனைப் பற்றி எழுதாதே.

சக்திகுமார்

*

இருங்காட்டுக்கோட்டை
15 மே 2013

சக்தி,

ஆமாம். என் கையெழுத்துதான்.

நீ மட்டும்தான் கோபப்படலாம் என்று சட்டமா? உன்னைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடியது யார்? வேன் வர நேரமானபோது செக்யூரிட்டியின் சட்டையைப் பிடித்தது யார்? உன் ரத்தம் என் யூனிஃபார்மில் காய்ந்து போய், அதை அப்படியே போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா வந்து சேரும் வரைக்கும் உன் வாயில் தண்ணீர் விட்டது நான். அதெல்லாம் உன் தங்கையிடம் சொன்னாயா?

மூன்றாம் நாள் மாமா வந்தார். லைன் சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன் என் அம்மாவின் தம்பி என்பது உனக்குப் புதிதில்லை. ரூமுக்குக் கொண்டுவிடுகிறேன் என்று கம்பெனி வேனில் ஏற்றி, அந்த வேனிலேயே காகிதத்தை நீட்டினார். "ஒண்ணும் இல்லடா, ஆக்ஸிடென்ட் நடந்துச்சின்னு ஒரு ரிப்போர்ட். நீ பக்கத்துல இருந்த இல்ல, ஒரு கையெழுத்து போடு. அவனுக்குத்தான் சீக்கிரம் வேலை ஆவும்" என்றார். இங்கிலீஷில் இருந்தது. நான் படிக்கவில்லை. இரண்டு நாள் தூங்காத கண்ணுக்கு எந்தப் பாஷையும் புரியாது. போட்டேன்.

உன் டிஃபன்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இத்தனை நாள் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ பயந்தாங்கொள்ளி. பிரெண்டனை நிற்க வைத்தால் எதிரணிக்குப் பாதி மைதானம் மிச்சம். நம் ஆட்கள் ஆறு பேரும் நடுவில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முன்னால் இருக்கும் இரண்டு பேருக்கும் பந்தே வருவதில்லை. பன்னிரண்டு ஆட்டத்தில் எட்டு டிரா. டிரா வாங்கிக்கொண்டே இருந்தால் எட்டாம் இடம்தான் கிடைக்கும். ஓரத்தில் ஆள் இல்லாத அணியில் ஓரத்தான் ஏறாவிட்டால் வேறு யார் ஏறுவது? அதனால்தான் மாற்றினேன். அட்டாக் என்னுடையது என்று நீதானே சொன்னாய்?

அதற்கு டீ டைமில் எல்லாருக்கும் முன்னால் என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "மாமா வாங்கிக் குடுத்த வேலை, மாமா குடுத்த புத்தி. சொந்தமா உனக்கு என்னல இருக்கு?" லைனில் அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் எழுந்து போய்விட்டேன்.

விமல்

*

கரிவலம்வந்தநல்லூர்
29 மே 2013

விமல்,

இது நானே எழுதுவது. இடது கையால். நான்கு நாளாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். படி.

சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னது தப்பு. அதற்கு நீ என்னைத் திருப்பி அடித்திருக்கலாம்.

காகிதத்தைப் படிக்கவில்லை என்கிறாய். அது நடந்தது மார்ச்சில். இப்போது மே முடிகிறது. இத்தனை நாளில் ஒரு நகல் வாங்கி யாரிடமாவது கொடுத்துப் படித்திருக்கலாம். என்ன எழுதியிருந்தது என்று மாமாவைக் கேட்டிருக்கலாம். நீ கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். ஸ்டோர்ஸ் வேலை, இரண்டு கையும் முழுசாக வேண்டாம். போனேன். பேசினார்கள், அடுத்த நாள் வரச் சொன்னார்கள். போனால் முகம் மாறியிருந்தது. "முன்னாடி வேலை பார்த்த இடத்துல விசாரிச்சோம் தம்பி. பாதுகாப்பு விஷயத்துல நீங்க சரியில்லன்னு சொல்லுதாங்க." இன்னொரு இடத்திலும் அதேதான். விரல் போனதற்காக என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் கையெழுத்துக்காகச் சொல்கிறார்கள்.

ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்தேன். அன்று பாகம் டையில், அந்த இரும்பு அச்சில், சிக்கியது. எப்போதும் செய்கிற மாதிரி கையை விட்டேன். கை உள்ளே போனால் சென்சார் மெஷினை நிறுத்தும். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மெஷின் நிற்கவில்லை. நான் சென்சாரைத் தொடவில்லை. அதை நிறுத்தச் சாவி போடும் துளை முன்பக்கத்தில் இருக்கிறது. நான் நின்றது பின்பக்கம். முன்பக்கத்தில் நின்றது நீ. மாமா வந்து திருப்பினாரா? நீ பார்த்தாயா?

உன் கேமைத் திறந்தேன். மவுஸை இடது கையால் பிடித்துப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னார், அதற்காக. பத்து ஆட்டம் ஆடிப் பார்த்தேன். நீ சொன்னதில் ஒன்று சரி. இடது ஓரம் அப்படியே நின்றால் கோல் வராது. ஆனால் நீ செய்தது அதைவிட மோசம். இப்படி வை. வலது ஓரத்தான் ஏறட்டும். பிரெண்டன் பந்து நம்மிடம் இருக்கும்போது நடுக்கோடு வரைக்கும் போகலாம், அதற்கு மேல் கூடாது. டிஃபன்ஸுக்கு முன்னால் நிற்கிறானே, அவன் பந்தைப் பறிக்க ஓடக் கூடாது. அவனை இறங்கச் சொல். நடு டிஃபன்டர் இரண்டு பேருக்கும் இடையில் வந்து நிற்கட்டும். அவன் வந்தால் அந்த இரண்டு பேரும் விலகி ஓரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு பேரில் இடப் பக்கத்தான் முந்திக்கொண்டு முட்டக் கூடாது, பின்னால் நின்று காக்க வேண்டும். பத்தில் ஐந்து ஜெயித்தேன். இரண்டு தோல்வி.

கேட்டதற்குப் பதில் எழுது. சாவியைத் திருப்பியது யார்?

சக்தி

*

வாலாஜாபாத்
22 ஜூன் 2013

சக்தி,

மூன்று வாரமாக எழுதிக் கிழித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் லீவ் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அந்த ரூமில் உட்கார்ந்து இதை எழுத முடியவில்லை.

சாவியைத் திருப்பியது நான்.

டீ முடிந்து வந்ததும் மாமா என் பக்கம் வந்தார். அன்றைக்கு எண்ணிக்கை குறைந்திருந்தது. மேலேயிருந்து போன் மேல் போன். "பின்னாடி சென்சார் சும்மா சும்மா நின்னுகினே கீது. ஷிப்ட் முடியிற வரைக்கும் ஆஃப் பண்ணிடு. அவன்கிட்ட சொல்லிடு, கைய உள்ள வுடாம கொக்கியால இழுக்கச் சொல்லு" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். திருப்பினால் சென்சார் செத்துப்போகும், ஆனால் விளக்கு பச்சையாகவே எரியும். அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும்.

உன்னிடம் சொல்ல வேண்டும். மெஷினைச் சுற்றிப் பத்து அடி நடந்து வந்து சொல்லியிருந்தால் போதும். நான் நடக்கவில்லை. அப்போதுதான் நீ எல்லாருக்கும் முன்னால் மாமா கொடுத்த புத்தி என்று சொல்லியிருந்தாய். மாமா சொன்னார் என்று உடனே உன்னிடம் வந்து நிற்க எனக்கு ரோஷமாக இருந்தது. நீயாக வந்து பேசட்டும் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சத்தியமாக இதைத்தான் நினைத்தேன். ஒரு இடது ஓரத்தான் நிற்பதா ஏறுவதா என்ற சண்டையில் உன்னிடம் பேசாமல் இருந்தேன். இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. நீ கத்தினாய்.

காகிதத்தைப் படிக்கவில்லை என்று எழுதினேன். அது பாதிப் பொய். முழுதாகப் படிக்கவில்லை. ஆனால் அதில் உன் பெயருக்குப் பக்கத்தில் சென்சார் என்ற வார்த்தையைப் பார்த்தேன். அதற்கு மேல் படிக்கக் கூடாது என்று மடித்தேன். மாமா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ திருப்பினது யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா உள்ள போறது நீதான், நான் இல்ல" என்றார்.

உன் போன் அடிக்காமல் போனபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்றுகூட இப்போது தோன்றுகிறது. கடிதத்தில் பிரெண்டனைப் பற்றிக் கேட்டேன். வேறு எதைக் கேட்பது?

நீ என்ன வேண்டுமானாலும் திட்டு. திட்டினால்கூடப் போதும். மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

விமல்ராஜ்

*

கரிவலம்வந்தநல்லூர்
30 ஜூன் 2013

டேய்.

உன் கடிதத்தைச் செல்வலட்சுமிதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டாள். என்ன என்று கேட்டேன். "நீயே படிச்சுக்கண்ணே" என்றாள்.

பத்து அடி. பத்தே அடி. மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். மஞ்சள் காமாலை வந்து நீ கிடந்தபோது கீழாநெல்லி தேடிச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை முழுக்க அலைந்தேன். பத்து அடி நடக்க உனக்கு ரோஷம் வந்துவிட்டது.

நான் உன்னை வார்த்தையால்தான் அடித்தேன். நீயும் வார்த்தையால் அடித்திருக்க வேண்டும். வார்த்தைக்கு விரலா எடுப்பது?

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இன்றைக்கும், "வாலாஜாவாத்துப் பையன் இல்லன்னா என் பிள்ளை பொழைச்சிருக்க மாட்டான்" என்று கோயில் கொடை விழாவுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பென்டிரைவில் இருந்த அணியை அழித்துவிட்டேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமா என்று இடது கையால் அமுக்கினேன். கேமையும் அழித்தேன். மனசு ஆறவில்லை. பென்டிரைவையும் கல்லில் வைத்து நசுக்கினேன். அப்போதும் ஆறவில்லை.

எனக்கு மன்னிப்புக் கடிதம் எழுதாதே. எனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? நான் என்ன அதிகாரியா? தொழிற்சாலை ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார். விபத்தைப் பற்றி எழுதிப்போட்டால் விசாரிப்பார் என்று சங்கரன்கோவிலில் ஒரு வக்கீல் சொன்னார். நான் எழுதிப்போட்டுவிட்டேன். நான் எழுதியதற்கு மதிப்பு இல்லை, என் பேரில்தான் தப்பு என்று காகிதம் இருக்கிறது. எங்கே எழுத வேண்டுமோ அங்கே நீ எழுது. எழுத முடியாவிட்டால், மாமா கொடுத்த புத்தி என்று நான் சொன்னது தப்பில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

இதற்குப் பதில் வேண்டாம்.

சக்திகுமார்

*

வாலாஜாபாத்
18 ஆகஸ்ட் 2013

சக்திகுமாருக்கு,

பதில் வேண்டாம் என்றாய். நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜூலை எட்டாம் தேதி ஆய்வாளர் அலுவலகத்துக்கு எழுதினேன். சாவியை மாமா கொடுத்தது, நான் திருப்பியது, உன்னிடம் சொல்லாமல் விட்டது, வேனில் கையெழுத்துப் போட்டது, எல்லாவற்றையும். போன திங்கட்கிழமை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கம்பெனி வக்கீல் கேட்டார்: "நாலு மாசம் கழிச்சு திடீர்னு மனசாட்சி எங்கேருந்து வந்துச்சு? யார் சொல்லிக்குடுத்தா?" யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நாலு மாதமும் தப்புத்தான் என்று சொன்னேன். லைனில் எட்டு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று டீ டைமில் சிரித்தவர்கள்தான். ஏழு பேர் எதுவும் பார்க்கவில்லை என்றார்கள். கொம்பையா மட்டும், "அந்த சென்சாரு அடிக்கடி ஆஃப்ல கெடக்கும் சார், எல்லாத்துக்கும் தெரியும்" என்று சொன்னான். அவனை அடுத்த நாளே வேறு ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். மற்ற ஏழு பேர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அப்புறம் யோசித்தால், ஜூன் வரைக்கும் நானும் அவர்களில் ஒருத்தன்.

ஆய்வாளர் மெஷினைப் போய்ப் பார்த்தார். சாவியைத் திருப்பினாலும் விளக்கு பச்சையாகவே எரிவதைத் தன் கண்ணால் பார்த்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதியது செல்லாது என்று குறித்திருக்கிறார். நகல் உனக்கு வரும்.

எனக்கு வேலை போய்விட்டது. மாமாவைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று கத்தினார். "நாய்க்குச் சோறு போட்டா வாலாட்டும்டா! உனக்கு வேலை வாங்கிக் குடுத்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிச்சிக்கணும்!" அம்மா என் பக்கமும் பேசவில்லை, தம்பி பக்கமும் பேசவில்லை. அவர் போன பிறகு, "அந்தப் பையனுக்கு எத்தினி விரலு போச்சி?" என்று கேட்டாள். இரண்டரை என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

இன்னொன்று. நீ அழித்தது நகலைத்தான். அணி என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ரூமைக் காலி செய்யும் முன்னால் மிச்சமிருந்த பன்னிரண்டையும் ஆடினேன். நீ மே மாதக் கடிதத்தில் எழுதியிருந்தபடியே டிஃபன்ஸை வைத்தேன், ஒரு இடம்கூட மாற்றவில்லை. இடது ஓரம் வழியாக இரண்டே கோல்தான் வாங்கினோம். ஆறு வெற்றி. நீ சொன்னது சரி, நான் செய்தது தப்பு. ஆனால் அதற்குள் நேரம் போய்விட்டது. ஒரே ஒரு புள்ளி குறைந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டோம்.

நான்தான் இறக்கினேன் என்று தெரியும். ஆனால் நீ கேட்காமல் அழித்தாயே, அந்தப் பதினோரு சீசனில் பாதி என்னுடையது. அது எனக்கு வலித்தது. வலிக்க எனக்கு உரிமை இல்லை என்று நீ சொல்லலாம். வலித்தது.

விமல்ராஜ்

*

கரிவலம்வந்தநல்லூர்
1 செப்டம்பர் 2013

விமல்ராஜுக்கு,

நகல் வந்தது. செல்வலட்சுமி மூன்று தடவை படித்துக் காட்டினாள். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ரெண்டும் அவன்தான் செஞ்சானா?" என்று கேட்டார். தூக்கிக்கொண்டு ஓடியதையும் சொல்லாமல் விட்டதையும் கேட்கிறார். ரெண்டும் அவன்தான் என்றேன். கங்கைகொண்டான்காரர்களுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். வந்து பார் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை கொடுப்பதாக இன்னும் சொல்லவில்லை.

இறங்கியதற்குக் காரணம் நேரம் போனது மட்டும் இல்லை. கடைசி ஆட்டங்களில் உன் வலது ஓரத்தான் களைத்திருப்பான். ஒடுங்கின அணியில் ஏறுகிறவனுக்கு ஓட்டம் இரட்டிப்பு. அவனை மூன்று ஆட்டத்துக்கு ஒரு தடவை உட்கார வைத்திருக்க வேண்டும். அதை நான் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த ஒரு புள்ளி என் கணக்கு. நகலை அழித்ததற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதச் சொல்கிறாள் செல்வலட்சுமி. நான் வருத்தப்படவில்லை. ஆனால் பாதி உன்னுடையது என்று நீ சொன்னது நியாயம்தான்.

இதற்காக நான் எழுத உட்காரவில்லை. போன புதன்கிழமை என்னையும் ஆய்வாளர் அலுவலகத்துக்கு வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அப்பாவோடு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. எல்லாம் எழுதி முடித்த பிறகு அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "சாவியைத் திருப்பினது தான்தான்னு அந்த விமல்ராஜே ஒத்துக்கிட்டிருக்காரு. பாதுகாப்புக் கருவியை முடக்கினா தொழிலாளி மேலயும் வழக்குப் போடலாம். உண்மையைச் சொன்னவருன்னு விட்டுடலாமான்னு யோசிக்கிறேன். காயம்பட்டவர் நீங்க. உங்க வாக்குமூலத்துல அவர் பேர் வேணுமா?"

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த அறையில் எல்லாரும் என்னை நல்லவன் என்று நினைத்திருப்பார்கள். அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். "முதல்ல சாவியக் குடுத்த ஏகாம்பரநாதன் பேர எழுதுங்க. அவருக்கும் மேல எண்ணிக்கை கேட்டு போன் அடிச்சாங்களே, அவங்க பேர எழுதுங்க. அதுக்குப் பொறவு விமல்ராஜ் பேரையும் எழுதுங்க" என்றேன். இடது கையால் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் அப்பா, "ஏம்ல?" என்று ஒரு வார்த்தை கேட்டார். "அவன் செஞ்சாம்லா" என்றேன்.

நீ உண்மையைச் சொன்னாய். அதனால் என் பெயர் திரும்பி வந்தது. அது எனக்குத் தெரியும். அதற்காக நீ செய்தது இல்லை என்று ஆகிவிடாது. என் கோபம் இன்னும் தீரவில்லை. தினமும் காலையில் சட்டைப் பொத்தான் போடும்போது உன்னைத் திட்டுகிறேன். நாளைக்கும் திட்டுவேன்.

உன் பெயரை நான்தான் சேர்க்கச் சொன்னேன் என்பதை வக்கீல் வாயாலோ உன் மாமா வாயாலோ நீ தெரிந்துகொள்ளக் கூடாது. அதனால்தான் நோட்டீஸ் வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒருவனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நோட்டீஸ் வந்தால் எங்கேயும் ஓடிப்போகாதே. சொன்ன தேதிக்கு வா. நானும் வருவேன். உனக்கு எதிராகச் சொல்லத்தான் வருவேன். உன் பக்கத்தில் உட்கார மாட்டேன். எவ்வளவு நேரம் காக்க வைப்பார்கள் என்று தெரியாது. பட்டினியாக வந்து நிற்காதே, உங்கள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வா.

சக்திகுமார்